சமையலறைச் சுவருக்கு நீலம்-வெள்ளை டைல்: பூ எங்கே, வெறும் வெள்ளை எங்கே?

வாசல்நிலை (கேள்வி):

வணக்கம். சமையலறை மேடைக்கு மேலே இருக்கும் சுவரை நீலம்-வெள்ளை செராமிக் டைலில் மாற்றப் போகிறோம். அளவு தெரியாமல் யோசனை சொல்வது கடினம் என்பதால் எல்லாவற்றையும் தருகிறேன்.

மேடை எல் வடிவம். நீளச் சுவர் 3.24 மீட்டர், பக்கச் சுவர் 1.80 மீட்டர். இரண்டும் வலது மூலையில் சேர்கின்றன. நீளச் சுவரின் இடது முனையில் டைல் போடாத வெறும் சுவர். மேடைக்கும் மேல் அலமாரிக்கும் நடுவே 60 செ.மீ. அடுப்பின் நடுக்கோடு இடது மூலையிலிருந்து 1.30 மீட்டரில் வருகிறது. அதற்கு நேர் மேலே 90 செ.மீ. அகலச் சிம்னி, அதன் அடிப்பக்கம் மேடையிலிருந்து 80 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. மேடை கறுப்பு கிரானைட். சுவரில் இப்போது பழுப்பு நிற 20×30 டைல் இருக்கிறது. தட்டினால் ஆறேழு இடத்தில் பொக்கென்று ஒலிக்கிறது. அடுப்புக்கு வலப்பக்கம் இரண்டு சுவிட்ச் பாக்ஸ்.

புது டைல் 15×15 செ.மீ. என்பது மட்டும் முடிவாகிவிட்டது. சுவர் முழுக்கப் பூ டைல் போடலாமா, அடுப்புக்குப் பின்னால் மட்டும் போதுமா? கையால் வரைந்தது வாங்குவதா, அச்சு டைலா? எத்தனை வாங்க வேண்டும்? கிரவுட் (டைல் இடைவெளிகளை நிரப்பும் கலவை) என்ன நிறம்?


கோபால்ட் (பதில்):

நீலத்தை விடுங்கள், முதலில் வெள்ளையை முடிவு செய்யுங்கள். கோபால்ட் நீலம் எந்த வெள்ளையோடும் ஒத்துப்போகும். ஒரு வெள்ளை இன்னொரு வெள்ளையோடு ஒத்துப்போவதுதான் அரிது. பூ டைலை ஓர் இடத்திலும் வெறும் வெள்ளையை மலிவு என்று வேறோர் இடத்திலும் வாங்கிப் பக்கத்தில் வைத்தால், ஒன்று சுண்ணாம்பு வெள்ளையாகவும் மற்றது பால் வெள்ளையாகவும் தெரியும். அப்போது பால் வெள்ளை டைல் அழுக்கேறியதுபோல் இருக்கும். அதில்தான் உங்கள் நீலப் பூவும் இருக்கும். பூவும் வெறுமையும் ஒரே தயாரிப்பாளருடையதாக, முடிந்தால் ஒரே வரிசையைச் சேர்ந்ததாக இருக்கட்டும். அதுவும் கிடைக்காவிட்டால் இரண்டிலும் இரண்டிரண்டு மாதிரி வாங்கி, அதே சுவரில் நிமிர்த்தி வைத்துப் பகலில் ஒருமுறை, விளக்கு போட்டு ஒருமுறை பாருங்கள். மேசையில் படுக்கவைத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, மேலிருந்து விழும் வெளிச்சம் எல்லா வெள்ளையையும் ஒன்றாக்கிவிடும்.

விளக்கும் இதே கணக்கில் சேரும். 2700 கெல்வின் மஞ்சள் விளக்கில் வெள்ளை பழுத்துப்போகும், அடர்நீலம் கறுப்பை நோக்கிப் போகும். அலமாரிக்கு அடியில் 4000 கெல்வின், நிறத்தெளிவு எண் (சி.ஆர்.ஐ.) 90க்கு மேல் உள்ள எல்.ஈ.டி. பட்டை போடுங்கள். அதைச் சுவரை ஒட்டிப் போடாமல் அலமாரியின் முன் விளிம்பை ஒட்டிப் போட வேண்டும். சுவரை உரசி விழும் வெளிச்சம் அரை மில்லிமீட்டர் மேடுபள்ளத்தையும் நிழல் போட்டுக் காட்டிவிடும்.

சுவர் முழுக்கப் பூ வேண்டாம் என்பது என் கருத்து. ஃபிரான்ஸில் ஜிவெர்னியில் ஓவியர் மொனேயின் வீட்டுச் சமையலறையில் நீலம்-வெள்ளை டைல் சுவரை நிறைத்து நிற்கும், பார்க்க அழகுதான். ஆனால் அங்கே சுவர் உயரமாகக் கிடைக்கிறது. உங்களிடம் இருப்பது 60 செ.மீ. பட்டை, அதாவது நாலே வரிசை. நாலு டைல் சேர்ந்தால்தான் ஒரு பூ முழுமையாகும் என்ற வகையை இதில் போட்டால் உயரத்தில் இரண்டு பூதான் அடங்கும். அதிலும் மேல் வரிசை அலமாரிக்கு அடியில் வெட்டுப்படும்.

17ஆம் நூற்றாண்டு டச்சு டைல்களைக் கவனியுங்கள். ஏறக்குறைய 13 செ.மீ. சதுரம், நடுவில் சின்னதாக ஓர் ஆளோ கப்பலோ, நாலு மூலையிலும் ஒரு துளி வேலைப்பாடு, மீதி எல்லாம் வெள்ளை. அவ்வளவு வெள்ளை இருப்பதால்தான் சுவர் முழுக்கப் போட்டாலும் அவை கண்ணை உறுத்துவதில்லை. ஒவ்வொரு டைலும் தன்னளவில் முழுமையான படம், அதனால் எங்கே நிறுத்தினாலும் குறை தெரியாது. நீங்களும் ஒற்றை டைலில் முடியும் படமாகத் தேர்ந்தெடுத்து, அடுப்புக்குப் பின்னால் ஒரு தொகுதியாக வையுங்கள். மற்ற இடம் வெறும் வெள்ளை.

சிதறலாக அங்கொன்று இங்கொன்று வைப்பதும் ஒரு வழிதான், ஆனால் அது நினைப்பதைவிடக் கடினம். ஐந்துக்கு ஒன்று என்ற அளவைத் தாண்டக்கூடாது, அடுத்தடுத்த வரிசையில் ஒரே செங்குத்துக் கோட்டில் இரண்டு விழக்கூடாது, வெட்டுப்படும் டைல் எதிலும் பூ வரக்கூடாது. ஒட்டும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் நிச்சயம் ஓர் ஓரமாகக் குவிந்துவிடும்.


ரசமட்டம் (பதில்):

எண்ணிக்கைக்கு வருகிறேன். அடுப்பின் நடுக்கோட்டிலிருந்து இரு பக்கமும் பிரிய வேண்டும், மூலையிலிருந்து தொடங்கக்கூடாது. மூலையிலிருந்து தொடங்கினால் பூத் தொகுதி சிம்னிக்கு நேராக நிற்காது, அது தினமும் கண்ணில் படும்.

இடைவெளி 2 மி.மீ. என்று வைத்தால், ஆறு டைல் அகலம் 910 மி.மீ. சிம்னி 900. கிட்டத்தட்ட சமம், நல்லது. நடுக்கோட்டிலிருந்து 455 மி.மீ. இடப்பக்கம் போனால் மூலைக்கு 845 மிச்சம். அதில் ஐந்து முழு டைல் 760 எடுத்துக்கொள்ளும். மிச்சம் 85இல் ஓர் இடைவெளி 2, மூலையில் சிலிக்கானுக்கு 3 கழித்தால் 80 மி.மீ. துண்டு. பாதி டைலுக்கு மேல் இருக்கிறது, போதும். வலப்பக்கம் 1485. ஒன்பது முழு டைலுக்கு 1368 போக 117. பக்கச் சுவர் டைலும் பசையும் சேர்ந்து 11 மி.மீ. பிடிக்கும், பலர் மறப்பது இதைத்தான். அதையும் இடைவெளிகளையும் கழித்தால் 101 மி.மீ. துண்டு. இரண்டு பக்கமும் பார்வைக்கு நன்றாக இருக்கும்.

ஆக நீளச் சுவரில் 22 நிரல், நாலு வரிசை, 88 டைல். அடுப்புக்குப் பின்னால் மட்டும் இன்னும் இரண்டு வரிசை மேலே போக வேண்டும், ஆறாவது வரிசை சிம்னிக்குப் பின்னால் மறையும். அதற்கு 12. பக்கச் சுவரில் வெளிமுனையில் முழு டைல் வைத்து மூலையை நோக்கி வந்தால் 11 முழுசு, ஒரு வெட்டு. 12 நிரல், நாலு வரிசை, 48. மொத்தம் 148. உடைவுக்கும் வெட்டுச் சேதத்துக்கும் 10 சதவீதம் கூட்டுங்கள், பெட்டி கணக்கில் எவ்வளவு வருகிறதோ அதற்கு மேல் முழு எண்ணாக்குங்கள். எல்லாப் பெட்டியிலும் ஷேடு எண்ணும் பேட்ச் எண்ணும் ஒன்றா என்று பார்த்த பிறகே இறக்க வேண்டும். ஒட்டும்போது மூன்று நாலு பெட்டியைத் திறந்து கலந்து எடுங்கள். ஒரே பேட்சிலும் சிறு நிற வேறுபாடு இருக்கும், கலந்தால் அது தெரியாது.

உயரத்தில் ஒரு சிக்கல். மேடையில் 3 மி.மீ. இடைவெளி விட்டு மூன்று வரிசையும் அவற்றின் இடைவெளிகளும் போனால் 459. அலமாரிக்கு 141தான் மிச்சம். மேலே 2 விட்டு நாலாவது வரிசையை 139க்கு வெட்ட வேண்டும். 11 மி.மீ. மட்டும் சீவுவது சாதாரண கீறி-உடைக்கும் கட்டரில் வராது, பல் பல்லாகச் சிதறும். தண்ணீர் விட்டு அறுக்கும் இயந்திரம் வேண்டும். அதற்கு முன், டைலை ஒருமுறை அளந்து பாருங்கள். 15 செ.மீ. என்று விற்பவற்றில் பல 148 மி.மீ.தான் இருக்கும். அப்படியானால் நாலு வரிசைக்கும் கீழ் இடைவெளிக்கும் 601 மி.மீ. போதும், மேடை இடைவெளியை 2 ஆக்கினால் வெட்டே வேண்டாம். ஆனால் மேலே நான் போட்ட அகலக் கணக்கு எல்லாம் மறுபடி போட வேண்டும்.

மேடை மட்டமா என்று ரசமட்டம் வைத்துப் பாருங்கள். 3.24 மீட்டருக்கு 2, 3 மி.மீ. சரிவு என்றால் சிலிக்கான் இடைவெளி அதை விழுங்கிவிடும். அதற்கு மேல் சரிந்திருந்தால் மேடையை நம்பி முதல் வரிசை வைக்காதீர்கள். மிகத் தாழ்ந்த இடத்திலிருந்து ஒரு டைல் உயரம் அளந்து மட்டக்கோடு போட்டு, மற்ற இடங்களில் அடி வரிசையைச் சீவிக்கொள்ள வேண்டும்.

பழைய டைல் மேல் ஒட்டுவது பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன்: உங்கள் சுவரில் வேண்டாம். ஆறேழு இடம் பொக்கு என்றால் மீதியும் எந்த நாளும் விடலாம், புது டைலின் எடையும் அதன் மேல் ஏறும். இடித்து எடுத்துப் பூச்சைச் சரிபார்த்து, உதிரும் பகுதியைக் கொத்திவிட்டுப் புதுப் பூச்சு போடுங்கள். புதுப் பூச்சு நன்கு உலர வேண்டும், குறைந்தது இரண்டு வாரம். இரண்டு மீட்டர் மட்டக்கோல் வைத்தால் 3 மி.மீ.க்கு மேல் வெளிச்சம் தெரியக்கூடாது.


கைவண்ணம் (பதில்):

ரசமட்டத்தின் கணக்கு அச்சு டைலுக்குச் சரி. கையால் வரைந்தது என்றால் இரண்டு விஷயம் மாறும்.

ஒன்று, அளவு. கையால் வார்த்த டைல் ஒன்றுக்கொன்று 1 மி.மீ. முதல் 2 மி.மீ. வரை வேறுபடும், ஓரங்களும் நேர்க்கோடாக இருக்காது. 2 மி.மீ. ஸ்பேசர் (இடைவெளி சமமாக வர டைல்களுக்கு நடுவே வைக்கும் துண்டு) வைத்தால் மூன்றாவது டைலிலேயே கோடு விலகும். 3 மி.மீ. வேண்டும். பூவுக்கு 3, வெள்ளைக்கு 2 என்று வைத்தால் கோடு சேராது, எல்லாவற்றுக்கும் 3 வையுங்கள். எண்ணிக்கை மாறாது, இடது மூலைத் துண்டு 80இலிருந்து 71க்கும், வலது 101இலிருந்து 88க்கும் இறங்கும். கையால் வார்த்ததில் ஸ்பேசரைவிட நூல் கட்டி, சிறு ஆப்பு வைத்து ஒவ்வொன்றாகக் கண்ணால் சரிசெய்வதுதான் பலன் தரும்.

இரண்டாவது, தடிமன். வெள்ளை அச்சு டைல் 7, 8 மி.மீ. இருக்கும், கைவேலை 10க்குப் போகும். பசையைக் கூட்டிக் குறைத்துச் சமன் செய்யலாம் என்பார்கள், 2 மி.மீ. வரை செய்யலாம். இன்னும் நல்ல வழி, பூச்சு போடும்போதே பூத் தொகுதி வரும் இடத்தை அந்த வேறுபாட்டளவு உள்வாங்கிப் பூசச் சொல்வது. இதற்காகவே டைலைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டுதான் பூச்சு வேலையைத் தொடங்க வேண்டும்.

வாங்கும்போது நீலம் எந்த அடுக்கில் இருக்கிறது என்று பாருங்கள். கோபால்ட் அதிக வெப்பத்தைத் தாங்கும் நிறமி. அதனால் மெருகுக்கு (டைல் மேல் உள்ள கண்ணாடிபோன்ற பூச்சுக்கு) அடியிலோ மெருகோடு உருகும்படியோ வரைந்து சுட முடியும். அப்படிச் சுட்டது வெயிலில் வெளுக்காது, தேய்த்தாலும் போகாது. சிலவற்றில் சுட்டு முடித்த மெருகின் மேல் படத்தை ஒட்டிக் குறைந்த சூட்டில் இன்னொரு முறை சுடுவார்கள். டைலைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளையும் நீலமும் ஒரே பளபளப்பாக ஓடினால் நல்லது. நீலம் மட்டும் மேலே எழும்பி நகத்துக்குத் தட்டுப்பட்டால், அடுப்புக்குப் பின்னால் தேய்த்துத் துடைக்கும் இடத்துக்கு அது ஆகாது, அச்சானாலும் கைவேலையானாலும்.

அச்சு டைல் வாங்கினால் ஒரு பெட்டியில் எத்தனை வெவ்வேறு படம் என்று கேளுங்கள். கைவேலைபோல் தெரிய வேண்டும் என்று கோட்டை வேண்டுமென்றே நடுங்கவிட்டு அச்சிட்டிருப்பார்கள். அதே நடுக்கம் பக்கத்து டைலிலும் அச்சு மாறாமல் வந்தால் ஏமாற்று உடனே வெளிப்படும்.

கோபால்ட் சொன்ன இடத்தில் ஒரு சின்னத் திருத்தம். பூவை மேடையிலிருந்தே தொடங்க வேண்டாம். கறுப்பு கிரானைட்டை ஒட்டி வரும் நீலம் மங்கிப்போகும், கறுப்பு அதன் ஆழத்தை உறிஞ்சிவிடும். நடுவில் ஒரு வரிசை வெள்ளை இருந்தால்தான் நீலம் நீலமாக நிற்கும். தவிர, அதிகமாகத் தெறிப்பதும் தேய்படுவதும் முதல் வரிசைதான். இரண்டாவது முதல் ஐந்தாவது வரை நாலு வரிசை, ஆறு நிரல், 24 பூ டைல். அகலம் ஒன்றரை மடங்கு, உயரம் ஒரு மடங்கு, ஒரு படம் மாட்டியதுபோல் அமையும். மேலே 80 செ.மீ.யில் சிம்னி வருவதற்குள் முடிந்துவிடும். 148இல் 24 போக வெள்ளை 124. பத்து சதவீதம் சேர்த்து 137. பூவில் உபரியாகக் குறைந்தது நாலு டைல் வேண்டும், உடைந்தால் அதே கை மறுபடி கிடைக்காது.


வாசல்நிலை:

மிக்க நன்றி. 24 பூ டைல், கைவேலை, 3 மி.மீ. என்று எடுத்துக்கொள்கிறேன். மாதிரி டைலை உற்றுப் பார்த்தால் மெருகில் முடிபோல விரிசல் கோடுகள் இருக்கின்றன. இது பழுதா? அப்புறம் பசை, கிரவுட், சுவிட்ச் பாக்ஸ் வெட்டு பற்றியும் சொல்லுங்கள். நீல நிறக் கிரவுட் போட்டால் எடுப்பாக இருக்குமா?


பல்கரண்டி (பதில்):

முடிக்கோடு பழுதல்ல. சூளையிலிருந்து ஆறும்போது மெருகு, அடியில் உள்ள மண்ணைவிட அதிகமாகச் சுருங்க முயல்கிறது. அந்த இழுவிசையில்தான் இந்த வலைக்கோடு விழுகிறது. ஆனால் அது திறந்த வழி. எண்ணெயும் நிறக் கிரவுட்டும் அதற்குள் இறங்கினால் வெளியே வராது. அதனால் நீலக் கிரவுட் கட்டாயம் வேண்டாம். இன்னொரு காரணமும் உண்டு: 124 வெள்ளை டைலைச் சுற்றி நீலக் கட்டம் ஓடினால் சுவரில் முதலில் தெரிவது அந்தக் கட்டம்தான், 24 பூவும் பின்னுக்குப் போய்விடும். பளிச் வெள்ளைக் கிரவுட்டும் உங்கள் டைலுக்கு ஆகாது, பால் வெள்ளையைப் பழுப்பாகக் காட்டும், அடுப்புப் பக்கம் சில மாதத்தில் மஞ்சளாகும். வெளிர் சாம்பல் எடுங்கள், டைலின் நிழல் நிறத்துக்குச் சற்று நெருங்கியதாக.

அடுப்புக்குப் பின்னால் எபாக்சி கிரவுட் (சிமென்டுக்குப் பதில் பிசினால் ஆனது) நல்லது, எண்ணெய் குடிக்காது. ஆனால் முடிக்கோடு உள்ள டைலில் எபாக்சி நேராகப் பட்டால் மேற்பரப்பில் மூட்டமாக ஒட்டிக்கொள்ளும். முதலில் ஊடுருவும் சீலர் (கோடுகளுக்குள் இறங்கி அடைக்கும் திரவம்) இரண்டு முறை, உலர்ந்த பிறகு கிரவுட். சீலரையும் கிரவுட்டையும் ஓர் உபரி டைலில் போட்டுப் பார்த்து, மறுநாள் துடைத்துக் கறை நிற்கிறதா என்று பார்க்காமல் சுவரைத் தொடாதீர்கள். எபாக்சியை ஒரு சதுர மீட்டருக்கு மேல் ஒரே மூச்சில் பூச வேண்டாம். பூசியதும் ஈரப் பஞ்சால் மூலைவிட்டமாகத் துடைத்து, மிச்சப் படலத்தை அன்றே எடுக்க வேண்டும். மறுநாள் சுரண்டினால் மெருகு கீறும். சிமென்ட் கிரவுட் என்றால் எதிர்த் தவறு: அவசரப்பட்டு அதிகத் தண்ணீரில் கழுவினால் நிறமி வெளியேறித் திட்டுத் திட்டாக வெளுக்கும்.

உங்கள் சுவர் மொத்தம் ஏறக்குறைய 3.3 சதுர மீட்டர். 6 மி.மீ. பல் கரண்டியில் சதுர மீட்டருக்கு 4 கிலோ பசை பிடிக்கும். கைவேலை டைலின் முதுகிலும் ஒரு மெல்லிய பூச்சு தேவை, அதன் அடி சமமாக இருக்காது. 20 கிலோ பை ஒன்று போதும். பையில் சி2 (மேம்பட்ட சிமென்ட் பசை) என்று குறி இருக்கட்டும், கூட டி இருந்தால் சுவரில் வழுக்கி இறங்காது. நிறம் வெள்ளைப் பசை. சாம்பல் பசை இடைவெளி வழியே எழும்பினால் வெளிர் கிரவுட் கெடும். கிரவுட் 3 மி.மீ. இடைவெளிக்கு, சேதம் சேர்த்து, 2 முதல் 3 கிலோ.

டைலைத் தண்ணீரில் ஊறப்போடுவது சிமென்ட் கலவையில் பதிக்கும் முறைக்கு உரியது. பையில் வரும் பசைக்கு ஊறிய டைல் ஆகாது, ஒட்டுப்பிடிப்பைக் குறைக்கும். ஈரத்துணியால் முதுகுத் தூசியைத் துடைத்தால் போதும். கலந்த பசையை ஐந்து நிமிடம் விட்டு இன்னொரு முறை கிளறுங்கள். சுவரில் இழுத்த பசை விரலில் ஒட்டாத அளவு தோல் கட்டிவிட்டால் சுரண்டி எறியுங்கள், மேலே தண்ணீர் தெளித்து மீட்க முடியாது. ஒவ்வொரு ஐந்தாறு டைலுக்கும் ஒன்றைப் பிய்த்துப் பாருங்கள். முதுகு முழுக்கப் பசை பட்டிருக்க வேண்டும். நாலு மூலையில் நாலு உருண்டை வைத்து அழுத்தும் பழக்கத்தால்தான் உங்கள் பழைய டைல்கள் பொக்கு விழுந்திருக்கும்.

ஒட்டும் முன் 24 பூவையும் தரையில் பரப்பி இடம் மாற்றிப் பார்த்து, படம் எடுத்து, முதுகில் பென்சிலால் எண் போடுங்கள். மார்க்கர் பேனா வேண்டாம், நுண்துளை மண்ணில் அதன் மை ஊறும். கருமையாகவும் மெல்லிசாகவும் கோடுள்ளவை ஒரு பக்கம் குவியாமல், அழுத்தமான நீலம் நாலு மூலைக்கும் பிரிந்து வரட்டும்.

சுவிட்ச் பாக்ஸ்: மின்சாரத்தை நிறுத்திய பிறகே. பெட்டியின் விளிம்பு புது டைலின் முகத்தோடு சமமாக வரும்படி பூச்சு வேலையின்போதே நகர்த்திவிடுங்கள். பிறகு நீள ஸ்க்ரூ போட்டுச் சமாளிப்பது நாளடைவில் ஆடும். டைலின் நடுவில் சதுர ஓட்டை போடுவதைவிட, இரண்டு டைல் சேரும் கோடு பெட்டியின் நடுவில் வந்தால் இரண்டிலும் ஓரத்தில் வெட்டினால் போதும், உடையாது. நடுவில்தான் வரும் என்றால் நாலு மூலையிலும் 6 மி.மீ. வைரத் துளையிட்டு, பிறகு துளைகளை இணைத்து அறுங்கள். மூலை கூராக இருந்தால் விரிசல் அங்கிருந்துதான் ஓடும். துரப்பணத்தில் சுத்தி அடிக்கும் இயக்கம் அணைந்திருக்க வேண்டும், தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்க வேண்டும், முதலில் சாய்த்து ஒரு பள்ளம் எடுத்த பின் நிமிர்த்துங்கள். கட்டாயம் தண்ணீரோடு அறுங்கள்: கைவேலை மெருகுகளில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு, மண் தூளில் சிலிக்கா நிச்சயம் உண்டு, இரண்டுமே மூச்சில் போகக்கூடாதவை.

ஒட்டி 24 மணி நேரம் கழித்துக் கிரவுட். மேடையும் சுவரும் சேரும் கோட்டிலும் உள்மூலையிலும் கிரவுட் நிரப்பக்கூடாது. மேடையும் சுவரும் தனித்தனியே அசையும், அங்கே கிரவுட் முடிபோல வெடித்துத் தண்ணீர் உள்ளே போகும். சிலிக்கான் போடுங்கள், காடி வாசனை அடிக்காத நியூட்ரல் வகை. வேலை முடிந்ததும் படலம் எடுக்க அமிலம் ஊற்றும் வழக்கம் உண்டு, அதை அனுமதிக்காதீர்கள். சிமென்ட் கிரவுட்டை அரித்து, முடிக்கோடு வழியே மெருகுக்கு அடியிலும் இறங்கும். வெதுவெதுப்பான தண்ணீரும் பாத்திரம் கழுவும் திரவமும் மென்துணியும் போதும்.


கைவண்ணம்:

பல்கரண்டி சொன்ன சீலரை அடுப்புப் பக்கம் மட்டும் ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி பூசுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பார்த்தால் தெரியும்: உருண்டு நின்றால் இன்னும் இருக்கிறது, முடிக்கோட்டில் கருமையாக இறங்கினால் பூசும் நேரம். மீந்த டைல்களோடு பசை, கிரவுட், சீலர் பைகளின் பெயரையும் நிற எண்ணையும் எழுதி ஒரே பெட்டியில் போட்டு வையுங்கள்.